அவுன்ஸ் கணக்கில் தயிர்

ஃபுல்லர்டன், கலிபோர்னியா
ஞாயிற்றுக்கிழமை மாலை

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு மைத்துனன் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொள்வது. அக்காளின் முழங்கால் வலிக்கு அனுப்பிய தைலம் வந்து சேர்ந்ததா, அனகாபுத்தூரில் நம் தெருவில் தோண்டிப் போட்டிருந்த பள்ளம் மூடப்பட்டதா, மழைக்கு முன்பாக அடையாற்றில் ஆகாயத்தாமரையை வாரிவிட்டார்களா என்பதையெல்லாம் தங்கள் அடுத்த கடிதத்தில் விவரமாகத் தெரிவிக்கவும். இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் நாலு வரியில் கேட்டுவிடலாமே என்று இங்கே பிள்ளைகள் கேலி செய்கிறார்கள். நாலு வரியில் அடங்குகிற சமாசாரமாயிருந்தால் நான் காகிதத்தை எடுத்திருக்கவே மாட்டேன்.

சென்ற கடிதத்தில் தாங்கள், அமெரிக்காவில் தயிர் கிடைக்குமா என்றும், கிடைத்தால் அது நம் ஊர்த் தயிரைப்போல் மறுநாள் புளிக்குமா என்றும் இரண்டு வினாக்களை எழுப்பியிருந்தீர்கள். முதல் வினாவுக்கு விடை சுலபம். இங்கிருந்து அரை மணி நேர மோட்டார்ப் பிரயாணத்தில் ஆர்ட்டீஷியா என்றோர் ஊரும், அவ்வூரில் பயனீர் பூலேவார்டு என்றொரு வீதியும் உண்டு. புடவைக் கடையும் நகைக் கடையும் மளிகைக் கடையும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அந்த வீதியில், வெள்ளைக்காரர்கள் சுவருக்கு வர்ணம் வாங்குகிற அளவிலான வாளிகளில் தயிரை அடைத்து வைத்து நம்மவர்கள் விற்கிறார்கள். வாங்கி வந்து சோற்றில் பிசைந்தால் குறை சொல்வதற்கில்லை. இரண்டாவது வினாவுக்குத்தான் என்னால் சட்டென்று விடை சொல்ல முடியவில்லை. ஏனென்றால், புளிப்பு என்பது இத்தேசத்தில் தயிருக்குத் தானாக நேர்கிற விபத்தாக விடப்படாமல், விலை வைத்து விற்கப்படும் ஒரு சரக்காக உயர்த்தப்பட்டிருக்கிறது என்பதை, என் பேத்தி கையைப் பிடித்து அழைத்துச் சென்ற ஒரு கடையில் பிரத்தியட்சமாகக் கண்டேன். அக்கடையைப் பற்றியும், அதன்பேரில் நான் வழங்கியிருக்கும் தீர்ப்பைப் பற்றியும் எழுதவே இக்கடிதம்.

அக்கடை ஒரு சலவைக் கடைக்கும் ஒரு பல் வைத்தியசாலைக்கும் நடுவில் அமைந்திருக்கிறது. குழந்தை சட்டையில் சிந்திக்கொண்டால் இடப்பக்கமும், பல்லில் சொத்தை கண்டால் வலப்பக்கமும் போக வேண்டியிருப்பதால், மூன்று வியாபாரங்களும் ஒன்றையொன்று ஆதரித்துச் செழிக்கின்றன. விற்கும் பண்டத்துக்கு ஃப்ரோஸன் யோகர்ட் என்று பெயர். பாலும் தயிரும் சர்க்கரையும் சேர்ந்த கலவையைப் பனியாக்கித் தருகிறார்கள். கடைக்குள் நுழைந்தவுடன், பம்மல் கடைத்தெருவில் நம்மைக் கண்டதும் கடைக்காரர் எழுந்து ‘வாங்க, என்ன வேணும்?’ என்று கேட்பாரே, அதை எதிர்பார்த்து நான் வாசலருகே சற்று நின்றேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மூலையில் நின்ற வாலிபன் ஒரு புன்னகையைத் தந்து, அடுக்கி வைத்திருந்த காகிதக் கிண்ணங்களைச் சுட்டிக் காட்டியதோடு அவனுடைய உபசாரம் தீர்ந்துபோயிற்று. வந்தவரே கிண்ணத்தை எடுத்து, வந்தவரே நிரப்பி, வந்தவரே அலங்கரித்து, வந்தவரே தராசுக்குத் தூக்கிச் சென்று, அத்தனை வேலையும் செய்த பிறகு வந்தவரே பணமும் கொடுக்கிறார். கூலி கொடுக்காமல், பெயரைக்கூடக் கேட்காமல், வாடிக்கையாளரையே சிப்பந்தியாக வைத்துக்கொள்ளும் இந்தத் தந்திரம் நம் நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் கணக்கெழுதிய காலத்தில் தெரிந்திருந்தால், நூல் வாங்க வருகிறவர்களையே பேரேடு எழுதச் சொல்லியிருப்பேன்.

சுவரில் வரிசையாக யந்திரங்களைப் பதித்திருக்கிறார்கள். யந்திரத்துக்கு மூன்று கைப்பிடிகள். இடப்புறத்துக்கு ஒரு சுவை, வலப்புறத்துக்கு ஒரு சுவை, நடுவில் உள்ளதை இழுத்தால் இரண்டும் பின்னிக்கொண்டு வரும். மேலே ஒரு தொட்டியில் கலவையை ஊற்றுகிறார்கள். அது கீழிறங்கி, குளிரூட்டிய உருளைக்குள் புகுந்து, உருளையின் சுவரில் பனியாக ஒட்டுவதை உள்ளே சுழலும் தகடு ஓயாமல் சுரண்டிக்கொண்டேயிருக்க, பூஜ்யத்துக்குக் கீழே ஆறு ஏழு டிகிரியில், கல்லாகவும் ஆகாமல் கரைசலாகவும் நிற்காமல், முறுக்கு அச்சிலிருந்து மாவு இறங்குவதுபோல் சுருள் சுருளாக வெளிவருகிறது. கைப்பிடியைத் தள்ளிய பிறகும் அது தன் போக்கில் கொஞ்ச நேரம் வந்துகொண்டிருக்கும். எடைக்கு விற்கிறவர்களுக்கு அதில் நஷ்டமில்லை.

சுவைகளின் பெயர்கள் ஒவ்வொரு கைப்பிடிக்கும் மேலே எழுதப்பட்டிருந்தன. சாக்லேட், மாம்பழம், உப்பிட்ட கேரமல், பிறந்த நாள் கேக் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில் ஊதா நிறத்தில் ‘டாரோ’ என்று ஒன்றைக் கண்டேன். அது வேறொன்றுமில்லை மாமா, நம் சேப்பங்கிழங்கு. தயிரில் சேப்பங்கிழங்கைப் போட்டிருக்கிறார்கள்! இன்னும் கொஞ்சம் மிளகாயும் தேங்காயும் அரைத்துவிட்டு, ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு தாளித்துக் கொட்டியிருந்தால் இவர்கள் மோர்க்குழம்புக்கே வந்து சேர்ந்திருப்பார்கள். கரையைத் தொடுவதற்கு இரண்டு முழம் இருக்கையில் படகைத் திருப்பிச் சர்க்கரைக்குள் விட்டுவிட்டார்கள்.

நம் தெருவுக்குத் தயிர்ப்பானை சுமந்து வந்த ஆயா, உழக்கால் அளந்து ஊற்றிவிட்டு, அக்காள் முகத்தைப் பார்த்து ஒரு கரண்டி கொசுறு விடுவாள் அல்லவா? இங்கே கொசுறு முன்னாலேயே வந்துவிடுகிறது. விரல் நுனி அளவேயுள்ள சின்னஞ்சிறு கிண்ணங்களில் எந்தச் சுவையை வேண்டுமானாலும் பிடித்து ருசி பார்க்கலாம், அதற்குக் காசில்லை. என்னையொத்த வயதுடைய ஒரு கனவான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் சாவதானமாக ருசி பார்த்துக்கொண்டே நடந்து, கடைசி யந்திரத்தருகில் சேர்ந்ததும், இன்றைக்கு ஒன்றும் சரியில்லை என்ற பாவனையில் தலையை அசைத்துக்கொண்டு வெளியேறியதை நான் கண்ணாரக் கண்டேன். அவரைப் பின்பற்ற வேண்டுமென்று எனக்கு எழுந்த ஆவலை, பேத்தியின் கௌரவத்தை உத்தேசித்து அடக்கிக்கொண்டேன்.

யந்திரங்களுக்கு அடுத்தபடியாக மேலே தூவிக்கொள்ளும் பண்டங்களின் மேடை. நறுக்கிய ஸ்ட்ராபெரி, கிவி, லிச்சி, ஜப்பானியரின் மோச்சி என்ற பிசுபிசுப்பான அரிசிமாவுத் துண்டு, மரவள்ளிக்கிழங்கு மாவில் உருட்டிய கரிய முத்துக்கள், அதாவது நம் சேலத்து ஜவ்வரிசியின் தாயாதிகள், கரடிப் பொம்மை வடிவில் மிட்டாய், பல வர்ணப் பொரி, பிஸ்கோத்துத் தூள், வேர்க்கடலை, பாதாம். பொன்னுக்கும் தவிட்டுக்கும் ஒரே விலை! கிண்ணத்தில் எதைப் போட்டாலும் அவுன்ஸ் ஒன்றுக்கு 70 சென்ட்டுக்குச் சற்று மேல். ஓர் அவுன்ஸ் என்பது 28 கிராமுக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு சாதாரணக் கிண்ணம் 8 அவுன்ஸுக்குக் குறையாது. அப்படியானால் ஒரு கிண்ணம் தயிர் நம் பணத்தில் 500 ரூபாயை எட்டும் என்பதை நான் மனத்துக்குள் கணக்கிட்டு முடித்தபோது, குளிர்ந்த கடையிலும் எனக்கு வியர்த்தது.

முப்பது வருஷம் சங்கத்தில் நூல் சிட்டத்தை நிறுத்துக் கொடுத்தவனுக்கு இப்படிப்பட்ட சந்தர்ப்பத்தில் புத்தி கூர்மையாவது இயல்பு. எல்லாம் ஒரே விலை என்னும்போது கனமான மலிவுச் சரக்கைத் தொடலாகாது. ஸ்ட்ராபெரியில் பெரும்பகுதி தண்ணீர். அவுன்ஸ் 70 சென்ட்டுக்குத் தண்ணீர் வாங்குவானேன்? மிட்டாய்க் கரடிகள் அளவுக்கு மீறிய கனம். அவற்றை நிறுத்துக் காசு கொடுப்பது சர்க்கரைக்குக் கொடுக்கிற அபராதம். வர்ணப் பொரி இலேசானது, கிண்ணத்தைக் குவித்துக் காட்டும், ஆனால் தராசில் நிற்காது. குழந்தைகளைத் திருப்தி செய்ய அதுவே உபாயம். விலையுயர்ந்த சரக்கு என்று பார்த்தால் அங்கே பாதாம் ஒன்றுதான். ஆகவே பேத்திக்குப் பொரியைச் சிபாரிசு செய்துவிட்டு, எனக்கு மூன்று கரண்டி வெறுந்தயிரும், அத்தயிரை மறைக்குமளவுக்குப் பாதாமும் எடுத்துக்கொண்டேன். “தாத்தா, எல்லாரும் பாக்கறாங்க” என்றாள். பார்க்கட்டும். கணக்கறிந்தவன் செய்கிற காரியத்தை நாலு பேர் பார்த்துக் கற்றுக்கொள்வதில் தோஷமில்லை.

தராசுக்கு வந்ததும், கிண்ணத்தின் எடையைக் கழித்தாயா என்று அந்த வாலிபனைக் கேட்டேன். அவன் முகம் சுளிக்காமல், காலிக் கிண்ணத்தின் எடையை யந்திரமே கழித்துவிடுவதைத் திரையில் காட்டி, பக்கத்தில் ஒட்டியிருந்த முத்திரையையும் தொட்டுக் காண்பித்தான். நம் ஊரில் தொழிலாளர் துறை அதிகாரிகள் தராசைச் சோதித்து முத்திரையிடுவதுபோல், இங்கே ஒவ்வொரு மாவட்டத்துக்கும் எடையளவுகளைச் சோதிக்க ஓர் அதிகாரி உண்டு. அவருடைய முத்திரை அது. இந்த எடைக் கணக்கில் எனக்கு இன்னொரு நியாயமும் புலப்பட்டது. இத்தகைய யந்திரங்கள் கலவையோடு காற்றையும் சேர்த்துக் கடைகின்றன. ஐஸ்கிரீமை இத்தேசத்தில் கொள்ளளவுக்கு விற்கிறார்கள். காற்றை அடைத்துக் காசாக்கிவிடக் கூடாதென்று, ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர் ஐஸ்கிரீம் நாலரை பவுண்டுக்குக் குறையக் கூடாதென்று சர்க்காரே விதி செய்திருக்கிறது. நாலரை பவுண்டு என்பது 2 கிலோவைச் சற்றே தாண்டும். மீதி இடத்தில் என்ன இருக்குமென்று தாங்களே ஊகித்துக்கொள்ளலாம். எடைக்கு விற்கும் தயிர்க்கடையிலோ காற்றுக்கு விலையே கிடையாது. நிறுத்து விற்பதை முதலில் கஞ்சத்தனமென்று நினைத்தேன்; இதைச் சிந்தித்த பிறகு அந்தத் தராசுக்கு மானசீகமாக ஒரு கும்பிடு போட்டேன்.

இனிப் புளிப்புக்கு வருகிறேன். மாமா, இவ்வியாபாரத்தின் சரித்திரத்தைக் கேட்டால் தாங்கள் சிரிப்பீர்கள். 1970-களில் நியூ இங்கிலாந்துப் பக்கத்தில் ஹுட் என்ற பால் கம்பெனியார் இதைத் தொடங்கியபோது, தயிர் புளிக்கிறதே என்று ஜனங்கள் முகத்தைச் சுளித்தார்களாம். 1981-ல் ஆர்க்கன்ஸா மாகாணத்து லிட்டில் ராக் நகரில் ஃபிராங்க் ஹிக்கிங்பாதம் என்பவர் (நம் மவுண்ட் ரோடு புத்தகக் கடைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) புளிப்பே தெரியாத பனித்தயிரை விற்கப் புறப்பட்டு, ‘இது தயிராயிருக்க முடியாது’ என்பதையே கடைக்குப் பெயராகச் சூட்டினார். தம் சரக்கைப் பற்றி இவ்வளவு சத்தியமாகப் பெயர் வைத்த வியாபாரி உலகத்திலேயே அவர் ஒருவர்தான் இருப்பார் என்று எண்ணினால் அதுவும் தவறு. டாலஸ் நகரத்தில் ‘இது தயிரென்று என்னால் நம்ப முடியவில்லை’ என்ற பெயரில் வேறொரு கடை நடந்துகொண்டிருந்தது. நம்பாதவர்கள் இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். முடிவில் லிட்டில் ராக்காரர், முதலெழுத்துகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டு, ‘தேசத்தின் தலைசிறந்த தயிர்’ என்று பெயரை மாற்றிக்கொண்டார்.

இப்படி ஒரு தலைமுறை முழுவதும் புளிப்பை ஒளித்து வைத்தே பிழைத்தது. அதன் பிறகு காற்று திசை மாறிற்று. 2002-ல் கொரியாவில் புளித்த பனித்தயிர்க் கடைகள் தோன்றின. 2005 ஜனவரியில், இங்கிருந்து ஒரு மணி நேரத்திலுள்ள மேற்கு ஹாலிவுட்டில், கொரியாவில் பிறந்த ஷெல்லி ஹ்வாங் என்ற அம்மாளும் யங் லீ என்ற கட்டடக் கலைஞரும் ஒரு சின்னக் கடை திறந்து, வெறும் புளிப்பு ஒன்றும் பச்சைத் தேயிலை ஒன்றுமாக இரண்டே சுவைகளை வைத்தார்கள். புளிக்கிறது என்று ஒதுக்கிய அதே ஜனங்கள், புளிக்கிறதாமே என்று வந்து வரிசையில் நின்றார்கள். கண்ட இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஓடி வந்ததால் அந்தத் தெருவில் விழுந்த அபராதச் சீட்டுகளைப் பற்றிப் பத்திரிகைகளே எழுதின. மறு வருஷம், அதாவது 2006-ல், நான் வசிக்கும் இந்த ஃபுல்லர்டனிலேயே, தானே பிடித்துத் தானே நிறுக்கும் முறையில் ஒரு பெரிய கம்பெனியின் முதல் கடை தோன்றியது. நான் தீர்ப்புக் கூறும் கடை அதுவன்று. அதைப் பார்த்துப் பின்னால் முளைத்த எத்தனையோ கடைகளில் ஒன்று.

குறையைக் குணமாக்கி விற்கிற இந்த வித்தை தங்களுக்குப் புதிதாயிராது; தங்கள் தொழிலிலேயே அது நடந்திருக்கிறது. ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற பெயரில் நம் தெருத் தறிகளிலிருந்து நைஜீரியாவுக்குக் கப்பலேறிய கட்டத்துணியைத் தாங்களும் தங்கள் தகப்பனாரும் நெய்த நாளில், சாயம் ஓடுகிறது என்று ஒருவன் சொல்லிவிட்டால் அது நெய்தவனுக்குத் தலைக்குனிவு. அதே சென்னைக் கட்டத்துணி 1958-ல் ஒரு வியாபாரியின் மூலம் நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் ஆடை வணிகர்களிடம் வந்தது. குளிர்ந்த நீரில் பதமாகத் துவைக்க வேண்டுமென்று சென்னையில் சொல்லியனுப்பிய எச்சரிக்கை வழியில் எங்கேயோ உதிர்ந்துவிட்டது. வாங்கினவர்கள் வெந்நீர் யந்திரத்தில் போட்டார்கள். சிவப்பு பச்சையிலும் பச்சை மஞ்சளிலும் பாய்ந்தது. புகார்கள் குவிந்தன. நாமாயிருந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கடையை மூடிக்கொண்டு திருநீர்மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்வோம். அவர்கள் என்ன செய்தார்கள்? ‘சாயம் போகுமென்பதற்கு உத்தரவாதம்’ என்று விளம்பரம் செய்தார்கள்! ஒவ்வொரு சலவையிலும் புதிய சட்டையாக மாறும் அதிசயத் துணி என்று பிரசித்தமாகி, சாயம் போகாத துணியை வைத்திருந்தவன் நாகரிகமற்றவனானான். அந்தச் சட்டையைக் கண்டவனுக்கு, புளித்த தயிர் 500 ரூபாய்க்கு விற்பதில் என்ன வியப்பு?

கொழுப்பு விஷயமும் இதே கதைதான். வெண்ணெய் எடுத்த மோரை நம் வீடுகளில் யாருக்குக் கொடுப்போம்? தாகத்தோடு வாசலில் வந்து நின்றவர்களுக்கு, காசு வாங்காமல். இங்கே வெண்ணெய் சத்து முழுவதையும் நீக்கிவிட்ட பாலில் செய்த தயிருக்கு ‘நான்-ஃபேட்’ என்று பெரிய எழுத்தில் சீட்டு ஒட்டி முதல் யந்திரத்தில் வைத்திருக்கிறார்கள். அதைப் பக்தியோடு பிடித்து, அதன்மேல் பிஸ்கோத்துத் தூளும் சாக்லேட் குழம்பும் குவித்து, உடம்புக்கு நல்லது செய்துகொண்ட நிம்மதியோடு மக்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இதைப் பற்றி நான் அபிப்பிராயம் சொல்லப்போவதில்லை. சர்க்கரைப் பொங்கலுக்குப் பிறகு சர்க்கரையில்லாத காப்பி கேட்கும் தாங்களும் சொல்ல மாட்டீர்கள்.

ஆனால் இது தயிர்தானா என்ற கேள்வி எனக்கு முன்பே இங்கே சிலருக்கு எழுந்திருக்கிறது. மேற்படி ஹாலிவுட் கடையின்மீது 2007-ல் அதே கேள்வியை வைத்து வழக்கே தொடுத்தார்கள். மறு வருஷம், தர்ம ஸ்தாபனங்களுக்குப் பணம் கொடுப்பதென்று சமாதானமாயிற்று. தயிர் உற்பத்தியாளர் சங்கத்தார் ஏற்படுத்தியிருந்த முத்திரையின்படி, சாதாரணத் தயிரென்றால் தயாராகும்போது கிராமுக்கு 10 கோடி உயிருள்ள நுண்கிருமிகளும், பனித்தயிரென்றால் கிராமுக்கு 1 கோடியும் இருக்க வேண்டும். பனியில் அவை பெரும்பாலும் மடிவதில்லை, உறங்குகின்றன என்கிறார்கள். உறங்குகிறதா, இறந்துவிட்டதா என்பதை வக்கீல்களைக் கொண்டு விசாரித்தவர்கள், ஒரு தமிழ்க் குடும்பத்துச் சமையலறையில் அது ஒரே இரவில் தீர்ந்துவிடும் விவகாரமென்பதை அறியார்கள்.

நான் என்ன செய்தேனென்றால், சுவை சேர்க்காத அந்தப் புளிப்புத் தயிரை, ‘ஒரிஜினல் டார்ட்’ என்று எழுதிய கைப்பிடியிலிருந்து, பாதாம் முதலிய ஆடம்பரங்கள் ஒன்றுமில்லாமல் ஒரு கிண்ணம் பிடித்து, மூடி போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் சம்சாரம் அதை இளக வைத்து, பாலைக் காய்ச்சி, விரலை விட்டால் பொறுக்கிற சூட்டுக்கு ஆற வைத்து, அதில் ஒரு கரண்டி உறை ஊற்றி, குளிர் தாக்காமலிருக்க அடுப்பின் விளக்கைப் போட்டு உள்ளே வைத்து மூடிவிட்டாள். காலையில் நாங்கள் இருவரும், பேத்தியும், பரீட்சை முடிவு பார்க்கப் போவதுபோல் கூடி நின்று திறந்தோம். தோய்ந்திருந்தது! கரண்டி நிற்கிற கெட்டியில்லை. ஆயினும் சந்தேகத்துக்கிடமில்லாமல் தோய்ந்திருந்தது. பாதியைப் பகலில் உண்டோம். மீதியைக் குளிர்பெட்டிக்குள் வைக்காமல் வேண்டுமென்றே மேடைமேல் விட்டு வைத்தோம். மறுநாள் அது புளித்த புளிப்பு இருக்கிறதே, சித்திரை மாதத்து அனகாபுத்தூர் தோற்றது. ஆக, தங்கள் இரண்டாவது வினாவுக்கு விடை: புளிக்கும், மாமா, தாராளமாகப் புளிக்கும்.

இதை என் மகனிடம் சொன்னபோது, பனிக்கட்டிக் கடையிலிருந்து உறை வாங்கி வந்தவர்கள் அமெரிக்கச் சரித்திரத்திலேயே நீங்கள்தான் என்றான். அவனுக்கு நான் ஐஸ் ஹவுஸைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நாம் விவேகானந்தர் இல்லம் என்று அறிந்திருக்கும் அந்த வட்ட வடிவக் கட்டடத்தை 1842-ல் கட்டியது எதற்காக? பாஸ்டன் நகரத்து ஃப்ரெடரிக் டூடர் என்ற வியாபாரி, தம் ஊர் ஏரிகளில் குளிர்காலத்தில் தானாக உறைந்து கிடந்த பனியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கடல் கடந்து கொண்டுவந்து நம்மூர்த் துரைமார்களுக்கு விற்க வேண்டுமென்று. கல்கத்தாவுக்கு முதல் பனிக்கப்பல் 1833-லேயே வந்துவிட்டது. பிற்பாடு யந்திரத்தில் பனிக்கட்டி செய்யக் கற்றதும் அந்த வியாபாரம் கரைந்துபோய், 1897-ல் சுவாமி விவேகானந்தர் அமெரிக்கா சென்று புகழோடு திரும்பி வந்தபோது அக்கட்டடத்தில்தான் தங்கினார். ஏரித் தண்ணீரை அறுத்து, ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் கொண்டுபோய் விற்றவர்களின் பேரப்பிள்ளைகள், தயிரைப் பனியாக்கித் தெருக்கோடியில் விற்கிறார்கள். வம்சத்து வித்தை அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

பேத்திக்கு என் சரித்திரம் வேண்டாம். ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பாய் என்பதுதான் வேண்டியிருந்தது. இருபத்தேழு நட்சத்திரங்களில் வளர்ந்தவனை ஐந்துக்குள் அடங்கச் சொன்னால் எப்படி? ஆகையால் வாக்கியமாகவே தீர்ப்புரைத்தேன். வர்ண வர்ணமாக நிற்கும் மற்றவையெல்லாம் தயிரின் வேஷம் போட்ட மிட்டாய். அவற்றின்மேல் எனக்குக் கோபமுமில்லை, மரியாதையுமில்லை. மாம்பழம் என்ற பெயரில் உள்ளது மாம்பழத்தைக் கேள்வியால் மட்டும் அறிந்தவர்கள் செய்தது. சேப்பங்கிழங்கு, வழி தவறியதேயானாலும் அனுதாபத்துக்குரியது. அந்த வெறும் புளிப்பு மட்டும் தயிர். நாக்கின் இரு ஓரங்களையும் சுருக்கி, கண்ணைச் சற்றே இடுக்க வைத்து, அதன் பிறகு தொண்டையில் குளிர்ச்சியாக இறங்குகிறது. சர்க்கரையை மட்டும் பாதியாகக் குறைத்தால் அக்கடைக்காரர்களை நான் அனகாபுத்தூருக்கு அழைத்துவந்து, பங்குனி உத்திரத்து நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் கடை வைத்துக்கொள்ளச் சிபாரிசு செய்வேன். கூட்டம் நிற்காது, இலவச மோர் பக்கத்தில் இருக்குமல்லவா? ஆனால் இரண்டையும் ருசித்துப் பார்த்து வித்தியாசம் சொல்கிறவர்கள் நம் ஊரில்தான் கிடைப்பார்கள்.

அந்தத் தயிர் மேடையில் முப்பது பண்டங்கள் இருந்தும், தயிருக்கு வேண்டிய ஒன்றைக் காணவில்லை என்ற குறை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற வாரம் அதையும் சோதித்துவிட்டேன். புளிப்புத் தயிர் ஒரு கிண்ணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்காள் போன வருஷம் கொடுத்தனுப்பியதில் டப்பாவின் அடியில் மிஞ்சியிருந்த மோர்மிளகாய் இரண்டைக் கருகாமல் பொரித்து, நொறுக்கி மேலே தூவினேன். பனியின் குளிர்ச்சியும், புளிப்பும், உப்பும், சூடு ஆறாத காரமும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. என் மகன் ஒரு கரண்டி எடுத்தான். பிறகு கிண்ணத்தையே எடுத்துக்கொண்டு போய்விட்டான். பேத்தி ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி இரண்டு முறை ஓடி, கண்ணில் நீருடன் திரும்பி வந்து, இன்னொன்று கேட்டாள்.

ஆகவே, இக்கடிதத்தின் முக்கிய விண்ணப்பம் இது. அடுத்த மாதம் பல்லாவரத்திலிருந்து என் நண்பரின் மகன் இவ்விடம் புறப்படுகிறான். பையனின் விலாசத்தையும் புறப்படும் தேதியையும் தனியே எழுதுகிறேன். அக்காளிடம் சொல்லி மோர்மிளகாய் புதிதாகப் போட்டு, இரண்டு வெயிலாவது அதிகமாகக் காய வைத்து, காற்றுப் புகாமல் கட்டி அவன் வசம் கொடுத்தனுப்ப வேண்டியது. தாம்பரம் மாநகராட்சிக்குக் கட்டிய வீட்டு வரி ரசீதின் நகலையும் அதோடு வைத்துவிடவும். பொட்டலத்தை வீட்டிலேயே ஒரு தரம் நிறுத்துவிட்டு, உறையின் எடையைக் கழித்து, மிளகாய் மட்டும் எத்தனை கிராம் என்று எனக்கு எழுதவும். பையன் வழியில் தயிர்ச்சோறு சாப்பிடுகிறவன்.

தங்கள் அன்புள்ள மைத்துனன்